ஒன்லைன் கடை கூடுதலாகக் காசு வெட்டிவிட்டதா? அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எனக்கு ஒரு கொமினிகேஷன் கடை. போட்டோகொப்பி, பிரிண்ட், ரீலோட், விசா படிவம் நிரப்புவது எல்லாம் உண்டு. ஆனால் இப்போது நான் அதிகம் பார்க்கும் வேலை பெயர்ப்பலகையில் இல்லை. வங்கிக் கூற்றை அச்சிட வருகிறவர் தாளை வாங்கியதும் போகமாட்டார். ஒரு வரியில் விரலை வைத்து, "தம்பி, இவன் கூட வெட்டியிருக்கிறான், ஒருக்காப் பாருங்கோ" என்பார். பார்த்துப் பார்த்து எனக்கு ஓர் ஒழுங்கு பிடிபட்டுவிட்டது. அதைத்தான் எழுதுகிறேன்.

வருகிறவர்களில் பலருக்குக் கோபம் பிழையான ஆள்மேல் இருக்கும். கடையைத் திட்டிக்கொண்டு வருவார்கள், எடுத்தது வங்கியாக இருக்கும். வங்கிக்குப் போய்ச் சண்டை பிடித்துவிட்டு வருவார்கள், எடுத்தது கூரியர். ஆகவே கூட எடுத்தது யார் என்று தெரியுமட்டும் ஒருவருக்கும் கோல் எடுக்காதீர்கள்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் நாலு எண்கள்

ஒரு தாளில் நாலு தொகைகளை வரிசையாக எழுதுங்கள். கடையின் பக்கத்தில் பார்த்த விலை. 'ஓடரை உறுதிசெய்' என்று அழுத்தும்போது இருந்த மொத்தம் (இது கடை அனுப்பிய ஈமெயிலில் அல்லது உங்கள் கணக்கின் ஓடர் பட்டியலில் இருக்கும்). வங்கி அனுப்பிய எஸ்எம்எஸ்ஸில் இருக்கும் தொகை. மாதக் கூற்றில் கடைசியாகப் பதிவான தொகை.

எந்த இரண்டு எண்களுக்கு இடையில் தொகை பாய்கிறது என்று பாருங்கள். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் என்றால் கடை ஏதோ சேர்த்திருக்கிறது, நீங்கள் கவனிக்காமல் அழுத்தியிருக்கிறீர்கள். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் என்றால், உள்ளூர்க் கடையானால் கடையின் பிழை, வெளிநாட்டுக் கடையானால் பெரும்பாலும் நாணய மாற்று. மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் இடையில் என்றால் வங்கியைத்தான் கேட்கவேண்டும்.

இந்த வேலைக்குப் பத்து நிமிடம் போதும். செய்யும்போதே எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள், முக்கியமாகக் கடையின் விலைப் பக்கத்தை. முறைப்பாடு போனதும் அந்தப் பக்கத்தின் விலை மாறிவிடுவதை இரண்டு முறை கண்ணால் கண்டிருக்கிறேன்.

## அறிகுறி: ஒரே தொகை இரண்டு தரம் வெட்டுப்பட்டிருக்கிறது

அதிகம் வருவது இதுதான். அதிகம் தானாகவே சரியாகிப் போவதும் இதுதான்.

முதல் சந்தேகம், செலவில்லாதது: ஒன்று பிடித்து வைத்த காசு. அட்டையால் கட்டும்போது வங்கி முதலில் அந்தத் தொகையை ஒதுக்கி வைக்கும், கடை பிறகுதான் எடுக்கும். பக்கம் நடுவில் நின்றுபோய் நீங்கள் திரும்ப அழுத்தியிருந்தால் இரண்டு ஒதுக்கல்கள் விழும். கடை ஒன்றை மட்டும் எடுக்கும், மற்றது சில நாட்களில் கழன்றுவிடும். எஸ்எம்எஸ் இரண்டு வந்தது என்பதால் மட்டும் காசு இரண்டு தரம் போய்விட்டது என்று ஆகாது.

சரிபார்ப்பது எப்படி? வங்கிச் செயலியில் 'நிலுவையில்' என்ற பகுதியையும் பதிவான பரிவர்த்தனைகளையும் தனித்தனியே பாருங்கள். டெபிட் அட்டை என்றால் கணக்கு மீதி ஒன்றாகவும் எடுக்கக்கூடிய மீதி அதைவிடக் குறைவாகவும் காட்டினால், அந்த வித்தியாசம்தான் பிடித்து வைத்த காசு. ஒரு வாரம் பொறுங்கள். அதுவரை கடைக்கு எழுத வேண்டுமென்றால் எழுதலாம், ஆனால் ஓடரை ரத்துச் செய்யாதீர்கள். ரத்துச் செய்தால் நல்ல பரிவர்த்தனையும் திரும்பத் தொடங்கி, எது எதற்கு என்று அவர்களுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

இரண்டாவது: உண்மையிலேயே இரண்டு ஓடர். உங்கள் ஓடர் பட்டியலில் இரண்டு இலக்கங்கள் இருக்கின்றனவா? வீட்டில் இன்னொருவர் அதே கணக்கில் போட்டாரா? சிரிக்காதீர்கள். பம்பலப்பிட்டியிலிருந்து வந்த ஓர் அன்ரிக்கு மகள் கனடாவிலிருந்து அதே கேக்கை அதே கடையில் அதே அட்டையில் ஓடர் பண்ணியிருந்தாள். பிறந்தநாளுக்கு இரண்டு கேக்.

மூன்றாவது: கடை இரண்டு தரம் எடுத்தது. பதிவான பட்டியலில் இரண்டு வரி, ஓடர் ஒன்று. இப்போதுதான் கடைக்கு எழுதவேண்டும். கடந்த மாதம் ஒருவர் கொண்டுவந்த கூற்றில் 8,450 ரூபா மேலும் கீழுமாக இரண்டு வரிகளில் நின்றது, திகதியும் ஒன்று. "ஒரு தரம்தான் வந்திருக்கு" என்று கடை சாதித்தது. வங்கியிடம் இரண்டு வரிகளுக்கும் உரிய அனுமதி இலக்கத்தை, அதாவது அட்டைப் பரிவர்த்தனை ஒன்றை அனுமதிக்கும்போது வங்கி கொடுக்கும் இலக்கத்தை, கேட்கச் சொன்னேன். ஆறு எழுத்துகளில் இரண்டு வேறு இலக்கங்கள் வந்தன. அந்த இரண்டையும் எழுதி அனுப்பியதும் கடை தன் கணக்கில் தேடிப் பார்த்தது, நாலாம் நாள் காசு திரும்பியது. கடைக்கு உங்கள் பெயரையும் கோபத்தையும் வைத்துத் தேட முடியாது. அந்த இலக்கத்தை வைத்துத் தேட முடியும்.

காசு போயிருக்கிறது, ஓடர் 'கட்டப்படவில்லை' என்கிறது: ஜஸ்ட்பே, லங்காகியூஆர் போன்றவற்றில் கணக்கிலிருந்து நேரே கட்டும்போது இது நடக்கும். காசு நடுவழியில் நிற்கிறது. பரிவர்த்தனை இலக்கத்தோடு எந்தச் செயலியால் கட்டினீர்களோ அந்தச் செயலியின் வங்கிக்கு முதலில் சொல்லுங்கள், கடைக்கு அல்ல. பொறுமையில்லாமல் இரண்டாம் தரம் கட்டாதீர்கள்.

## அறிகுறி: உள்ளூர்க் கடை, ஒரு தரம்தான் எடுத்தது, ஆனால் தொகை கூட

கல்குலேட்டரை எடுங்கள். கூட எடுத்த தொகையைப் பொருளின் விலையால் வகுங்கள். விடை பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

0.18 வந்தால் அது வட், அதாவது பெறுமதி சேர் வரி. 2024 ஜனவரி 1 முதல் 18 வீதம். 12,500 ரூபா என்று விளம்பரம், 14,750 எடுத்திருக்கிறார்கள் என்றால் வித்தியாசம் 2,250, வகுத்தால் சரியாக 0.18. கடை விலையை வரி இல்லாமல் விளம்பரப்படுத்தியிருக்கிறது. வட் பதிவு உள்ள வியாபாரி மட்டும்தான் இதை அறவிடலாம், ஆகவே வட் இலக்கம் உள்ள பற்றுச்சீட்டைக் கேளுங்கள். இலக்கம் இல்லை என்றால் அது வரி இல்லை, அவர்களுடைய சட்டைப்பைக்குப் போன காசு. அதற்கு நேரே முறைப்பாட்டுக்குப் போகலாம்.

0.025 அல்லது 0.03 வந்தால் பெரும்பாலும் அட்டைக்கான மேலதிகக் கட்டணம். "காட் என்றா மூன்று வீதம் கூட" என்று புறக்கோட்டையிலும் கேட்டிருப்பீர்கள், இப்போது இணையத்திலும் 'வசதிக் கட்டணம்' என்ற பெயரில் வருகிறது. வங்கிக்குத் தான் கொடுக்கவேண்டிய தரகை வியாபாரி வாடிக்கையாளர் தலையில் கட்டுவது இது. அப்படிக் கட்டவேண்டாம், கேட்டால் அட்டை தந்த வங்கிக்கு அறிவியுங்கள் என்று மத்திய வங்கியே பொதுமக்களுக்குச் சொல்லியிருக்கிறது. தொகை சின்னதுதான். ஆனால் சொல்லுங்கள், ஏனென்றால் இந்தக் கட்டணம் வியாபாரிக்கும் அவருடைய வங்கிக்கும் இடையிலான ஒப்பந்தத்தை மீறுவது, வங்கி கேட்டால் கடை பதில் சொல்லியே ஆகவேண்டும்.

வட்டமான தொகையாக, 350, 450, 600 என்று வந்தால் டெலிவரி. கொழும்புக்குள் ஒரு விலை, வெளியே ஒரு விலை, முதல் கிலோவுக்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் கூட. தெஹிவளையை 'கொழும்பு' என்று எண்ணி ஓடர் போட்டவர்கள் நிறையப் பேர். கொழும்பு 15 உடன் மாநகர எல்லை முடிந்துவிடுகிறது, தெஹிவளையும் வத்தளையும் கடையின் கணக்கில் 'புறநகர்'.

எதற்கும் பொருந்தாத ஒரு தொகை வந்தால், முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருந்த பெட்டியைத் தேடுங்கள்: காப்புறுதி, பரிசுப் பொதி, நன்கொடை, 'முன்னுரிமை' டெலிவரி. பிறகு பொருளின் வகையைப் பாருங்கள். பக்கத்தின் மேலே பெரிதாக இருந்த 1,990 போன் கவருக்கு, நீங்கள் தெரிவுசெய்தது கவரும் கண்ணாடியும் சேர்ந்த 3,290. இது ஏமாற்று என்று சொல்லலாம், ஆனால் உறுதிசெய்த பக்கத்தில் 3,290 இருந்திருந்தால் பணம் திரும்புவது கஷ்டம். பொருளைத் திருப்பிக் கொடுக்கும் வழியைப் பாருங்கள்.

மளிகை ஓடர் தனி ரகம். கோழி, மீன், மரக்கறி எல்லாம் குத்துமதிப்பான நிறையில் விலை காட்டி, நிறுத்த பிறகு உண்மையான தொகையை எடுப்பார்கள். 1.2 கிலோ என்று போட்ட கோழி 1.46 கிலோவாக வரும். அது பிழை இல்லை, ஆனால் பையில் ஒட்டியிருக்கும் நிறையை வீட்டுத் தராசில் போட்டுப் பாருங்கள். இன்னொன்று, நீங்கள் கேட்ட பால்மா இல்லையென்று விலை கூடிய வேறொன்றை வைப்பது. 'மாற்றுப் பொருள் வேண்டாம்' என்ற தெரிவு பல செயலிகளில் எங்கேயோ ஒளிந்திருக்கும்.

பொதியில் அச்சிட்ட விலையைவிடக் கூட எடுத்திருந்தால் இவ்வளவு கணக்கும் தேவையில்லை. குறித்த உச்ச சில்லறை விலைக்கு மேல் விற்பது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி குற்றம். இணையக் கடைக்கும் அதே சட்டம்தான். பொதியின் விலையையும் பற்றுச்சீட்டையும் ஒரே படத்தில் எடுத்து வையுங்கள்.

## அறிகுறி: தவணைக்குப் போட்டேன், முழுத் தொகையும் போயிருக்கிறது

பயப்படாதீர்கள். கடன் அட்டையில் வட்டியில்லாத் தவணை என்றால் பெரும்பாலும் முழுத் தொகைதான் முதலில் விழும், பிறகு வங்கி அதைத் தவணையாக மாற்றும். சில வங்கிகளுக்கு நீங்களே கோல் எடுத்து மாற்றச் சொல்லவேண்டும், அதற்கு நாள் கெடுவும் உண்டு. கூற்று வெளிவருவதற்குமுன் கேட்டுவிடுங்கள். பிந்தினால் முழுத் தொகைக்கும் வட்டி ஏறும். தவணையின் கூட்டுத்தொகை விலையைவிடக் கூட இருந்தால் அது கையாளும் கட்டணம். 'வட்டியில்லை' என்பதற்குக் 'கட்டணமில்லை' என்று பொருள் இல்லை.

## அறிகுறி: வெளிநாட்டுக் கடை, டொலர் சரி, ரூபா கூட

இதற்குத்தான் அதிகம் சண்டை பிடிக்கிறார்கள், இதில்தான் கடை அநேகமாகக் குற்றமற்றது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 24.99 டொலருக்கு ஒரு மென்பொருள். கூகுள் அன்றைக்கு 300 ரூபா காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மனதில் 7,497 ரூபா. ஆனால் வங்கி உங்களுக்கு டொலர் 'விற்கும்' விலை 308 என்றால் 7,697. அதன்மேல் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு வங்கி 3 வீதம் வைத்தால் 7,928. அதற்கும் மேல் கடன் அட்டைக்கு அரசாங்கத்தின் முத்திரைத் தீர்வை. கடை ஒரு சதம்கூடக் கூட எடுக்கவில்லை, ஆனால் உங்கள் கையிலிருந்து ஐந்நூறு, அறுநூறு ரூபா போய்விட்டது.

முதலில் டொலர் தொகை சரியா என்று பாருங்கள். கூற்றில் வெளிநாட்டு நாணயத் தொகையும் அச்சிடப்பட்டிருக்கும். அது 24.99 என்றால் கடையை விட்டுவிடுங்கள். 24.99 இல்லாமல் 27 சொச்சம் என்றால் கடை வரி சேர்த்திருக்கிறது, ஈமெயில் பற்றுச்சீட்டில் அது தனி வரியாக இருக்கும்.

அடுத்து, எஸ்எம்எஸ் தொகையும் கூற்றுத் தொகையும் ஒன்றா? வாங்கிய நாளின் விலையில் எஸ்எம்எஸ் வரும், கூற்றில் விழுவது கடை காசு எடுத்த நாளின் விலையில். இடையில் இரண்டு மூன்று நாள். ரூபா ஆடுகிற காலத்தில் இந்த இடைவெளியே காசு தின்னும்.

பிறகு, கட்டும் பக்கத்தில் 'ரூபாவில் கட்டுங்கள்' என்று ஒரு பொத்தான் இருந்ததா? அதை அழுத்தினால் நாணய மாற்றை வங்கிக்குப் பதில் கடையோ அதன் முகவரோ செய்கிறார்கள், தங்கள் விலையில். பார்க்க வசதி, விலையில் நட்டம். சிலவேளை வங்கியும் வெளிநாட்டில் கட்டியது என்று தன் கட்டணத்தை மேலே வைக்கும், இரண்டு அடி. அடுத்த முறை டொலரிலேயே விடுங்கள். நடந்ததைத் திருப்ப முடியாது, நீங்களே தெரிவுசெய்தது.

என் கடை அளவுகோல் இது: கூகுள் விலையோடு ஒப்பிட்டால் கூடுதல் பத்து வீதத்துக்குள் நின்றால் வங்கியின் கட்டணப் பட்டியலோடு தீர்ந்துவிடும். அந்தப் பட்டியல் வங்கியின் இணையத்தளத்தில் இருக்கும். பத்தைத் தாண்டினால் வங்கிக்கு எழுதி, எந்த விலையில் மாற்றினீர்கள், எந்தக் கட்டணம் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். போனில் கேட்டால் "சிஸ்டத்தில அப்படித்தான் காட்டுது" என்பார்கள். எழுத்தில் கேட்டால் பிரித்துத் தருவார்கள்.

## அறிகுறி: ஒவ்வொரு மாதமும் ஏதோ வெட்டுப்படுகிறது

இலவசமாக ஏழு நாள் என்று ஆரம்பித்தது இது. போனில் கூகுள் பிளே அல்லது ஆப்பிள் கணக்கைத் திறந்து சந்தாக்கள் என்ற இடத்தைப் பாருங்கள். பத்தில் ஏழு தரம் அங்கேதான் இருக்கும், பெரும்பாலும் பிள்ளை போட்ட விளையாட்டு. செயலியை அழித்துவிட்டால் சந்தா நிற்காது. அங்கே போய் ரத்துச் செய்யவேண்டும்.

அங்கே இல்லையென்றால் ஈமெயிலில் அந்தத் தொகையை அப்படியே தட்டித் தேடுங்கள், கடைப் பெயரைத் தேடவேண்டாம். கூற்றில் வரும் பெயர் கடையின் கம்பனிப் பெயர், நீங்கள் அறிந்த பெயராக இருக்காது.

ரத்துச் செய்து உறுதி ஈமெயிலை வாங்கிய பிறகும் வெட்டினால் அது உங்கள் பக்கம் பலமான வழக்கு, வங்கிக்குப் போங்கள். ரத்துச் செய்யாமல் அட்டையை மட்டும் மாற்றுவது போதாது. புது அட்டை எண் தானாகவே கடைக்குப் போகும் ஏற்பாடு சில வங்கிகளில் இருக்கிறது, சந்தா பின்னாலேயே வரும்.

## அறிகுறி: டெலிவரிக்காரர் வாசலில் நின்று கூடக் கேட்கிறார்

பொதியின்மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். அறவிடவேண்டிய தொகை அதில் அச்சில் இருக்கும்.

சீட்டில் இருக்கும் தொகையைத்தான் கேட்கிறார், ஆனால் ஓடர் தொகையைவிடக் கூட: கடை கூட எழுதியிருக்கிறது. டெலிவரித் தம்பியோடு கதைத்துப் பிரயோசனமில்லை, அவர் சீட்டில் உள்ளதைக் கொண்டுபோய்க் கட்டியே ஆகவேண்டும். வாசலிலேயே கடைக்குக் கோல் எடுங்கள். எடுக்கவில்லையென்றால் பொதியைத் திருப்பி அனுப்புங்கள். காசைக் கொடுத்த பிறகு கேட்பதைவிடக் கொடுக்காமல் கேட்பது லேசு.

சீட்டில் குறைவு, கேட்பது கூட: அது அவர் தனக்குக் கேட்பது. சில்லறை இல்லை என்று 40, 50 ரூபாவை விடுவது உங்கள் விருப்பம். அதற்கு மேல் என்றால் சீட்டைப் படம் எடுத்துக் கூரியர் கம்பனிக்குச் சொல்லுங்கள்.

ஓடரே போடாத பொதி: வாங்காதீர்கள். வீட்டில் வயதானவர்கள் தனியே இருந்தால் "பிள்ளைகள் சொன்னால் ஒழியக் காசு கொடுக்காதீங்கோ" என்று சொல்லி வையுங்கள். 2,000, 3,000 ரூபாவுக்கு உள்ளே ஒரு பழைய துண்டு வந்ததை என் மேசையில் வைத்துப் பிரித்திருக்கிறேன்.

வெளிநாட்டுப் பொதிக்கு வரி கேட்டால்: சுங்கத் தீர்வையும் கூரியரின் கையாளும் கட்டணமும் இரண்டு வேறு சாமான்கள். இரண்டையும் பிரித்த பற்றுச்சீட்டைக் கேளுங்கள். தீர்வை அரசாங்கத்துக்கு, அதில் பேரம் இல்லை. கையாளும் கட்டணத்தைக் கேள்வி கேட்கலாம்.

'உங்கள் பொதி தபாலகத்தில் நிற்கிறது, இந்த லிங்கில் 98 ரூபா கட்டுங்கள்' என்று எஸ்எம்எஸ் வந்தால் அது தபால் திணைக்களம் இல்லை, கள்ளர். 98 ரூபாவுக்காக அட்டை எண்ணையும் ஓடிபியையும் கொடுத்தால் முழுக் கணக்கும் போகும். கொடுத்துவிட்டீர்கள் என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு, அட்டையின் பின்பக்க எண்ணுக்கு இப்போதே கோல் எடுத்து அட்டையை நிறுத்துங்கள். கூற்றில் நீங்கள் போகவே போகாத கடையின் பெயர் இருந்தாலும் அதே வேலைதான். அதன்பிறகு பொலிஸ் முறைப்பாடு. அட்டை மோசடிக்கென்றே 2006 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது.

## அறிகுறி: காசு திரும்பியது, ஆனால் குறைவாக

டெலிவரிக் கட்டணத்தைக் கழித்திருப்பார்கள். அல்லது பாதி காசாகவும் பாதி கடையின் வவுச்சராகவும் வந்திருக்கும், செயலியில் உள்ள பணப்பையைப் பாருங்கள். டொலர் என்றால், திரும்பிய நாளின் வங்கி வாங்கும் விலையில் வரும், வாங்கும் விலை எப்போதும் விற்கும் விலையைவிடக் குறைவு. இதற்குமேல் குறைந்தால் கடைக்கு எழுதுங்கள்.

## கடைக்கு எப்படி எழுதுவது

வட்ஸ்அப்பில் வொய்ஸ் போடாதீர்கள். எழுதுங்கள், ஈமெயில் என்றால் இன்னும் நல்லது. நான் அடித்துக் கொடுப்பது இவ்வளவுதான்:

"ஓடர் இலக்கம் இது. திகதி இது. உறுதிசெய்த மொத்தம் 12,500 ரூபா. எனது வங்கியில் அறவிடப்பட்டது 14,750 ரூபா. அனுமதி இலக்கம் இது. மேலதிகமான 2,250 ரூபா எதற்கு என்று விளக்கவும், அல்லது ஏழு வேலை நாட்களுக்குள் அதே அட்டைக்குத் திருப்பவும். படங்கள் இணைப்பில்."

அட்டையின் முழு எண்ணை எழுதவேண்டாம், கடைசி நாலு இலக்கம் போதும். 'ஏமாற்றுக்காரர்', 'பேஸ்புக்கில் போடுவேன்' என்பதெல்லாம் வேண்டாம். இந்தக் கடிதம் நாளைக்கு வங்கியிலும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிலும் வாசிக்கப்படும்.

## எப்போது மேலே போவது, யாரிடம்

ஏழு நாள் பதில் இல்லை, அல்லது பதில் இருக்கிறது ஆனால் காசு இல்லை. இப்போது வழி நீங்கள் எப்படிக் கட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது.

அட்டையால் கட்டியிருந்தால் வங்கி. கிளைக்குப் போய் டிஸ்பியூட் படிவம், அதாவது அறவீடு பிழை என்று ஆட்சேபிக்கும் படிவம், கேளுங்கள். கவுண்டரில் தெரியாது என்றால் அட்டைப் பிரிவுக்கு ஈமெயில். விசாவின் விதிகளில் பிழையான தொகைக்கு 12.5, இரட்டை அறவீட்டுக்கு 12.6.1 என்று தனித்தனிக் காரண இலக்கங்களே இருக்கின்றன, கெடு 120 நாள். ஆனால் அந்தக் கெடு வங்கிக்கு. உங்கள் வங்கி உங்களிடம் அதைவிட வெள்ளெனக் கேட்கும், கூற்றின் பின்பக்கத்துச் சின்ன எழுத்தை வாசியுங்கள். சில வங்கிகள் விற்பனைச் சீட்டின் பிரதி எடுக்கக் கட்டணம் வாங்கும், கையெழுத்துக்கு முன் கேட்டுவிடுங்கள். 600 ரூபா வழக்குக்கு அது கட்டுப்படியாகாமல் போகலாம்.

கணக்கிலிருந்து கணக்குக்கு அனுப்பியிருந்தால் நிலைமை மோசம். பெற்றவர் சம்மதிக்காமல் வங்கியால் காசைத் திருப்பி எடுக்க முடியாது. பேஸ்புக் கடைகள் அட்டை வேண்டாம், டிரான்ஸ்பர் பண்ணுங்கள் என்று கேட்பது ஏன் என்று இப்போது விளங்கும். உள்ளூர்க் கடை என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைதான் வழி.

அதிகார சபை கொழும்பு 2, வொக்ஸோல் வீதியில் இருக்கிறது, தொலைபேசி 1977. கோல் எடுத்தால் வழி சொல்வார்கள், ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்கவேண்டும், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள். கடையோடு ஈமெயில் விளையாடிக்கொண்டிருந்து இந்த மூன்று மாதத்தைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள். தமிழிலேயே எழுதலாம், தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. யாராவது சிங்களத்தில் எழுதி வாருங்கள் என்றால் போகவேண்டிய தேவையில்லை. வெளிநாட்டுக் கடைக்கு இந்தச் சபையின் கை நீளாது, அங்கே வங்கியின் டிஸ்பியூட் மட்டும்தான்.

வங்கியோடேயே பிரச்சினை என்றால் முதலில் அந்த வங்கியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதி இலக்கம் வாங்குங்கள். அந்த இலக்கம் இல்லாமல் மேலே போனால் கீழே அனுப்பிவிடுவார்கள். திருப்தியில்லை என்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம், 1935. வங்கிகள்மேல் வரும் முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மன் என்று இன்னொரு கதவும் இருக்கிறது.

பெரிய தொகை, கடை கொழும்பில், முகவரி தெரியும், ஒன்றும் நடக்கவில்லை என்றால், இரு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். சட்டத்தரணியை அதற்குப் பிறகு பாருங்கள். ஐயாயிரம் ரூபாவுக்காகச் சட்டத்தரணியிடம் போகாதீர்கள், ஒரு கடிதத்துக்கே அது போய்விடும்.

எங்கே கொடுத்தாலும் இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். கவுண்டரில் "தேவையில்லை, சிஸ்டத்தில இருக்கு" என்பார்கள். இருக்கட்டும், நீங்கள் குத்தி வாங்குங்கள்.